பட்டினிச் சிலந்தியின் இரத்தம்

எருக்கலம்பிட்டியில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை வஸீரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்திருப்பவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் பிரசாந்தன் என்ற ஆய்வாளர், மன்னார் டவுனில் எடுத்த வாடகை அறையில் பன்னிரண்டு புலிமுகச் சிலந்திகளை அவர் பொறுப்பில் விட்டார். ஒவ்வொன்றும் கையளவு இருக்கும்.

சிலந்தியின் இரத்தம் நீலம். அதில் மூச்சுக்காற்றைச் சுமக்கிற புரதமே கொழுப்பையும் ஏற்றிக்கொண்டு போகிறதா, எவ்வளவு ஏற்றுகிறது என்பதுதான் ஆய்வு. தின்ற பூச்சியின் கொழுப்பு கலந்துவிடக் கூடாதென்று, இரத்தம் எடுக்குமுன் இருபது நாள் பட்டினி. அந்தப் பட்டினியைக் காப்பதுதான் வஸீரின் வேலை.

நோன்பு மாதம் அது.

“உங்களுக்காவது பொழுதுபட மஹ்ரிபோட நோன்பு முடியுது. அதுகளுக்கு இரவிலயும் நோன்பு,” என்று மனைவி நசீறா பகிடி பண்ணினாள்.

பதினைந்தாம் நாள் வஸீர் போன் எடுத்தார். “சேர், ஏழாம் பெட்டிக்காரிக்கு வயிறு வைக்குது. முட்டைக்கு ஆயத்தம் போல. அவளை ஆய்வில இருந்து விட்டிருவமோ?”

“நானா, நீங்கள் பெட்டியைப் பூட்டி வையுங்கோ, அதுவே காணும்.”

இருபது நாள் முடிந்து சோதித்தபோது பதினொரு சிலந்திகளின் இரத்தத்தில் கொழுப்பு குறைந்திருந்தது. ஏழாவதில் மட்டும் கொழுப்பு நிறைந்திருந்தது. முடிவோடு அறைக்கு வந்த பிரசாந்தன் கதிரையில்கூட உட்காரவில்லை.

“இரக்கப்பட்டு ஒரு கரப்பானைப் போட்டிருப்பியள். சொல்லுங்கோ, கோவிக்க மாட்டன்.”

“போடேல்ல சேர். நம்பி அமானிதமாத் தந்தது. நோன்பு வாயால சொல்லுறன்.”

“அப்ப கொழுப்பு வானத்தில இருந்து வந்ததோ?”

அன்றே அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்.

கதை வஸீருக்கு முன்னமே ஊருக்கு வந்துவிட்டது. பள்ளிவாசலில் கஞ்சி வாங்க நின்றபோது அடுத்த வீட்டுச் சியாம் சத்தமாகச் சொன்னான்: “நானா, ரெண்டு வாளியாப் பிடியுங்கோ. ஒண்டு சிலந்திக்கு.” வரிசை முழுதும் சிரித்தது. அந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் சாவியைச் சியாமிடம் கொடுத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து, பிரசாந்தனின் மாணவி ஹம்சிகா அச்சடித்த கட்டுரையோடு வந்தாள். முட்டை வைக்கிற சிலந்தி, தின்னாவிட்டாலும், தன் உடம்பில் சேமித்த கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் விடுகிறதாம். நீலப் புரதம் அதை முட்டைக்குக் கொண்டுபோகிறதாம்.

“ஏழாம் பெட்டியில இருந்துதான் எல்லாம் பிடிபட்டது, நானா.”

“நான் தீனி போடேல்ல எண்டு இதில கிடக்கோ?”

அவள் விரலால் தேடினாள். “இருபது நாள் பட்டினியில இருந்தது எண்டு கிடக்கு.”

“ஆர் காத்தது எண்டு?”

“அதெல்லாம் எழுதுறேல்ல, நானா.” கட்டுரையை அவர் கையில் கொடுத்தாள். “சேருக்கு இன்னும் பத்துச் சிலந்தி பிடிச்சுத் தர வேணுமாம். வயிறு வைச்சது. அதை உங்களுக்குத்தான் பாத்தவுடன தெரியுமாம்.”

வஸீர் தாளைத் திருப்பி நீட்டினார்.

“ஜும்மாவுக்குப் பள்ளியில சனம் கூடேக்க சேர் வந்து, இவன் பொய் சொல்லேல்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும். பத்தில்ல, இருபது பிடிச்சுத் தாறன்.”

“சேர் இப்ப வெளிநாட்டில, நானா,” என்றாள் ஹம்சிகா. “இதுக்குப் பரிசு கிடைச்சிருக்கு.”