கூழைக்கடா முகம்

ஜோவால் ஊரில் ஜெகான் ஃபாய் கண்ணாடியில் வரைந்த படம் தொங்காத வீடு குறைவு. படத்தில் மீன்கள் பஸ்ஸில் இடம் பிடிக்கச் சண்டை போடும். அங்கி போட்ட ஆடு ஊர்க்கூட்டத்தில் தீர்ப்புச் சொல்லும். எல்லாம் ஊரில் பார்த்த ஆட்கள்தான். கொம்பும் செதிலும் மட்டும் ஜெகானின் கைச்சரக்கு.

படகோட்டி கெபா பாஜியை முப்பது வருடமாகக் கூழைக்கடாவாகவே வரைந்துவந்தான். கெபா ஜோலா இனம், இவன் செரேர் இனம். இந்த இரண்டு இனத்தாரும் பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் கேலி செய்தாக வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. பாட்டன் பூட்டன் காலத்து உறவு அது. இவன் அவனை அடிமை என்பான். அவன் இவனைத் திருட்டுச் சோறு தின்னி என்பான்.

அந்த மழைக்காலத்தில் கெபா துரும்பாக இளைத்து வந்து நின்றான். இருமி ஓய்ந்த பிறகு கேட்டான்.

"ஒரே ஒரு தடவ என்னை மனுஷனா வரைஞ்சு குடு மச்சான். போட்டோகூட எடுத்ததில்ல நான். என் பொண்டாட்டி நாஃபி வயித்துல இருக்கறது, அப்பன் மூஞ்சிய எதுல பாக்கும்?"

"அடிமைக்கு எதுக்குடா மூஞ்சி? எசமானக் கேக்காம சாக உனக்கு எவன் உத்தரவு குடுத்தான்?"

கெபா சிரித்தான். சிரிக்காமல் வேறென்ன செய்வான்? பிறகும் இரண்டு முறை கேட்டான். ஜெகான் இரண்டு முறையும் அதை வழக்கமான விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டான். விளையாட்டு வினையாகும் என்பது தெரியாத வயதா அவனுக்கு? ஐம்பத்தெட்டு.

கெபா போய்விட்டான். சாவு வீட்டில் கேலி செய்வதும் ஜெகானின் கடமை. செத்தவனின் தொப்பியை மாட்டிக்கொண்டு அவனைப் போலவே தாங்கித் தாங்கி நடந்து காட்டினான். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், நாஃபியும் சிரித்தாள். கூட்டம் கலைந்ததும் அவனைத் தனியாக அழைத்தாள்.

"அந்தப் படம் முடிஞ்சிருச்சா அண்ணே? ஜெகான் கேலி பண்றான்னா நமக்குத் தெரியாம வரைஞ்சிட்டு இருக்கான்னு அர்த்தம், அவன் குடுப்பான்னு கடைசி வரைக்கும் அவரு சொல்லிட்டிருந்தாரு."

முடித்துத் தருகிறேன் என்று ஜெகான் பொய் சொல்லிவிட்டு வந்தான்.

கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைகிற வேலை அது. கண், மூக்கு, உதடு என்று முகத்தின் கோடுகளை முதலில் போட்டாக வேண்டும், வண்ணம் அப்புறம்தான். ஜெகான் எழுதுகோல் பிடித்து உட்கார்ந்தான். கண்ணை மூடினாலும் கூழைக்கடாவின் அலகுதான் வந்தது. கெபாவின் கண்? தாடையில் ஒரு தழும்பு இருந்ததே, அது எந்தப் பக்கம்? வரைந்ததையெல்லாம் துணியால் துடைத்தான். மூன்று மாதம் துடைத்தான்.

பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் அன்று வெறுங்கையோடு போய் நின்றான்.

"அவன் முகம் எனக்கு ஞாபகம் வரல தங்கச்சி."

நாஃபி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"முப்பது வருசத்துல ஒரு நாள்கூட நீங்க அவர சும்மா பாக்கலையா அண்ணே?" என்றாள்.