யாராண்ட சார் பேசினு வர்றீங்க?

போன வாரம் மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். மெட்ரோ வேலைக்காக அடைத்த தெருக்களையெல்லாம் சுற்றிக்கொண்டு வண்டி ஒருவழியாகப் பட்டினப்பாக்கம் வந்தபோது, ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"யாராண்ட சார் பேசினு வர்றீங்க? காதுல ஒண்ணியும் காணோமே."

"தெரிஞ்சவர்தாம்பா" என்றேன். என்மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று அவர் கண்ணாடியைச் சற்றே திருப்பி வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ நெத்திலி பொரிக்கும் வாசனை. அவ்வளவுதான், மந்தைவெளி மாடி வீட்டு அடுக்களை வாசலில் போய் நின்றுவிட்டேன். கல்யாணமான புதிது. உள்ளே என் மனைவி எஸ்தர் பேசிக்கொண்டிருக்கிறாள். "இன்னா ஆண்டவரே, இன்னிக்கும் தண்ணி வர்ல. நீயே பாரு, எத்தினி பாத்திரம் கீது." வாணலிச் சத்தம். பிறகு, பதில் வந்ததுபோல ஒரு சிரிப்பு. அவர்கள் இருவரும் வீட்டுக்காரர்கள், நான்தான் விருந்தாளி என்று தோன்றும்.

நானும் பரம்பரைக் கிறிஸ்தவன்தான். ஆனால் எனக்கும் கடவுளுக்கும் இருந்தது குமாஸ்தாவுக்கும் மேலதிகாரிக்கும் உள்ள பழக்கம். 'தேவரீர்', 'அடியேன்' என்று செந்தமிழில் மனுப்போடுவேன், அதுவும் பயம் வந்தால். பயமோ தினமும் வரும். லிஃப்ட் கொஞ்சம் குலுங்கினால் போதும், 'மோசேயை வழிநடத்தின தேவனே' என்று ஆரம்பித்துவிடுவேன்.

பிறகு ஒருநாள் எஸ்தருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் ஜெபிக்காமல் அந்த மாதிரிக் கதவு எதையும் தாண்டவிட மாட்டார்கள். மாமியார் என் முதுகைத் தள்ளினார். "மாப்ள, ஒரு ஜெபம் பண்ணுங்க."

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் கோயில் பாடகர் குழுவில் இருந்தவன். கல்யாணத்தைவிடச் சாவுக்குத்தான் நாங்கள் அதிகம் பாடியிருப்போம். வாயைத் திறந்தேன். அடக்க ஆராதனைகளில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாய்க் கிடந்தது கடகடவென்று வந்தது: "எங்களைவிட்டுப் பிரிந்துபோன இந்த அருமைச் சகோதரியின் ஆத்துமாவை..."

பழக்கதோஷத்தில் மாமியார் 'ஆமென்' கூடச் சொல்லிவிட்டார்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து குரல்: "யோவ், நான் இன்னும் போவலய்யா!"

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எஸ்தர் என் கையைப் பிடித்தாள். "ஆண்டவரே, நான் உள்ள போறேன். இவரு ரொம்ப பயந்துனு கீறாரு. நீ இவராண்ட ஒக்காந்துக்கோ."

கதவு மூடியது. பெஞ்சில் உட்கார்ந்தேன். தேவரீரும் வரவில்லை, அடியேனும் வரவில்லை. "பயமா இருக்கு" என்றேன். அவ்வளவே. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து இடம் விட்டிருந்தேன். பயம் போகவில்லை. துணையோடு பயந்துகொண்டிருந்தேன்.

அன்று எஸ்தர் திரும்பி வந்துவிட்டாள். பல வருஷம் என்னையும் ஆண்டவரையும் சேர்த்தே அதட்டிக்கொண்டிருந்தாள். போன ஆண்டு, அதே ஜெபத்தைப் போதகர் சரியான இடத்தில் சொன்னார். எல்லோரும் 'ஆமென்' சொன்ன பிறகும் நான் கண்ணைத் திறக்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து ஒரு 'யோவ்' வராதா என்று காத்திருந்தேன்.

மந்தைவெளி வீட்டையும் இடித்துவிட்டார்கள். அடுக்களைக்கு நேர்கீழே இருந்த தரையில் இப்போது யாருடைய காரோ நிற்கிறது. மேலே அடுக்களை இருந்த இடம் வெறும் ஆகாயம்.

ஆட்டோ அடையாறு பாலத்தில் ஏறியது. சீட்டில் சற்று நகர்ந்து உட்கார்ந்தேன்.

"உனக்கும் வந்துச்சா ஆண்டவரே, அந்த வாசனை?"