ஜெர்மன் கண்ணுக்கு வழி தெரியாது

எங்கள் வீட்டில் நல்ல செய்தி வந்தால் முதலில் கதவைச் சாத்துவோம். மகள் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த அன்று, என் மனைவி கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறியையும் வேகமாகச் சுழலவிட்டு, அதன் பிறகுதான் என் காதில் சொன்னாள். நான் "பரவால்ல" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது. அதிலும் பெற்றவர்கள் கண் பொல்லாதது என்பார்கள்.

அந்த வழக்கம் எனக்கு வசதியாகவும் இருந்தது. நான் பேசக் கூச்சப்படுகிறவன். தாராவியில் பள்ளிப் பை தைக்கும் கார்கானாவில் எனக்கு வேலை. மிஷின்கள் ஓடுகிற சத்தத்தில் அங்கே யாரும் என்னிடம் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தச் சத்தம் ஒரு போர்வை மாதிரி.

மகள் நர்ஸ் படித்து, செம்பூரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தாள். சென்ற ஆண்டு ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை அவளுக்கு வேலை தருவதாகச் சொன்னது. அதற்கு ஜெர்மன் பரீட்சையில் தேற வேண்டும். படிப்பு, எழுத்து, கேட்பு மூன்றிலும் தேறியவள் பேச்சில் தோற்றுப்போனாள். மழைக்காலம் முடிவதற்குள் அதையும் தேறாவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும்.

மாட்டுங்காவில் அவளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பாலக்காட்டு அம்மா. அவர் திட்டியதை மகள் வீட்டில் அப்படியே பேசிக் காட்டினாள்.

"எதிர்ல இருக்கறவ ஊர்ப்பட்ட கதை சொல்றா, நீ செவுரு மாதிரி ஒக்காந்துண்டிருக்கே. ஒனக்கு ஆச்சரியமே வராதாடி?"

பேச்சுப் பரீட்சையில் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்வார்களாம். ஒருத்தி சொல்வதைக் கேட்டு மற்றவள் வியக்க வேண்டும், மறுக்க வேண்டும், சிரிக்க வேண்டும். என் மகள் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறாள்.

ஆச்சரியப்பட ஜெர்மன்காரர்களிடம் நிறைய வார்த்தைகள் இருந்தன. "எஹ்ட்?" என்றால் நெசமாவா. "நா ஸோ வாஸ்!" என்றால் அடேயப்பா. "மென்ஷ்!" என்பது மனுஷன் என்கிற சொல்தான், ஆனால் வாயடைத்துப் போகும்போது வரும். "வான்ஸின்" என்றால் கிறுக்கு. சந்தோஷம் தலைக்கேறினால் சொல்வது. என் பன்றி விசிலடிக்கிறது என்றுகூட ஒன்று உண்டு.

"பன்னி எதுக்குட்டி விசிலடிக்கி?" என்றாள் மனைவி.

"நம்பவே முடியலன்னு அர்த்தம்மா. நீ ஏதாச்சும் சொல்லேன், நான் ஆச்சரியப்படுறேன்."

"எனக்கு ஒல வச்சிருக்கு. ஒங்கப்பாகிட்டப் போ."

மத்தியானம் சாப்பிட வரும்போது எனக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும், அவள் வியக்க வேண்டும்.

"இன்னைக்கு ஊசி ஒடஞ்சு போச்சு" என்றேன்.

"நா ஸோ வாஸ்" என்றாள். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"ஏட்டி, செத்த வீட்டுல துக்கம் கேக்குற மாதிரி இருக்கு."

"அரே யப்பா, உங்க மூஞ்சிதானே எனக்கு வந்திருக்கு! நீங்க செஞ்சு காட்டுங்க."

செய்து பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அண்ணாச்சி, இன்னுங் கொஞ்சம் தொண்டையத் தொறங்க!"

பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே குக்கர் விசிலடித்தால் இங்கே அடுப்பைக் குறைப்போம். அவள் அத்தோடு நிற்கவில்லை. ஈரக் கையோடு வந்து நடுவீட்டில் உட்கார்ந்தாள். "எனக்குச் சொல்லித் தா" என்றாள். மகள் சொல்லித் தந்ததும், மோவாயில் கையை வைத்து, கண்ணை உருட்டி, "நா ஸோ வாஸ்!" என்று ஒரு இழுப்பு இழுத்தாள். ஜெர்மன்காரியே தோற்றுப்போவாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "மதினி, பிள்ளயப் பாத்து இப்படி வாயப் பொளந்தா கண்ணு பட்டுராதா?"

"ஏளா, ஜெர்மன் கண்ணுக்கு இந்தச் சந்துக்குள்ள வர வழி தெரியுமா? மாஹிம் பக்கம் சுத்திக்கிட்டுக் கெடக்கும்."

அதன் பிறகு மத்தியானங்கள் மாறின. மகளுக்கு டியூட்டி இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டுக்காரி கதை சொல்வாள். தண்ணீர்க் குழாயில் நடந்த சண்டை, உல்லாஸ்நகரில் மலிவாக வாங்கிய சேலை முதல் தண்ணியிலேயே சாயம் போனது என்று அவளிடம் கதைக்குப் பஞ்சமில்லை. மகள் வியப்பாள். மெதுவாக அவள் புருவம் அசைய ஆரம்பித்தது. குழாயடியில் பெண்கள் ஒருவரை ஒருவர் "எஹ்ட்?" என்று கேட்பது எங்கள் சந்தில் சாதாரணமாகிவிட்டது. நான் ஓரமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டு, மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன்.

ஒரு நாள் வீட்டில் நானும் மகளும் மட்டும் இருந்தோம். அவள் ஜெர்மனில் நீளமாக ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. "தமிழ்ல சொல்லு" என்றேன்.

அவள் வார்டில் ஒரு பெரியவர். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வீட்டுக்காரர்களே அவரிடம் பேசுவதை விட்டுவிட்டார்கள். இவள் மட்டும் கஞ்சி ஊட்டும்போதெல்லாம் வெளியே மழையா வெயிலா என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அன்று காலை ஜன்னலைக் காட்டி அவர் "பாரிஷ்" என்றாராம். மழை என்று. இத்தனை நாளில் அதுதான் முதல் சொல்.

"மென்ஷ்!" என்றேன்.

அது தானாக வந்தது. சத்தமாகவும் வந்தது. மகள் என்னையே பார்த்தாள்.

"யப்பா, இது பிராக்டிஸா, நெசமா?"

"நெசந்தான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு பாயின் ஓரத்தைப் பிய்த்தாள். அவள் வேலையைப் பற்றி அதுவரை நான் ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. தமிழில் சொல்லியிருந்தால் "பரவால்ல" என்றுதான் சொல்லியிருப்பேன். அன்று எனக்கு வேறொரு வாய் இருந்தது.

பரீட்சை முடிந்து, முடிவு வந்த அன்று மகள் கார்கானாவுக்கே வந்துவிட்டாள். மிஷின் சத்தத்தில் அவள் சொன்னது கேட்கவில்லை. ஆனால் மோவாயில் கை வைத்து, கண்ணை உருட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று, "வான்ஸின்!" என்று கத்தினேன். பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் மிஷினை நிறுத்திவிட்டு, இவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

பரீட்சையில் எதிரே இருந்த பெண், ரயிலில் பையை விட்டுவிட்டதாக ஒரு கதை சொன்னாளாம். இவள் பக்கத்து வீட்டுக்காரி மாதிரியே "நா ஸோ வாஸ்!" என்று இழுத்ததில் பரீட்சை வைத்தவரே சிரித்துவிட்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பழக்கத்தில் கதவைச் சாத்தினாள். பிறகு என்னையும் மகளையும் கிழக்குப் பார்த்து உட்காரச் சொன்னாள்.

"எனக்கு எதுக்கு?"

"ஊரக் கூட்டிக் கத்துனது ஆரு? மொதக் கண்ணே ஒங்க கண்ணுதான்."

உப்பையும் மிளகாயையும் கைக்குள் வைத்துச் சுற்றினாள். "தாய்க்கண்ணு, தகப்பங்கண்ணு, ஊர்க்கண்ணு, ஒறவுக்கண்ணு..." கொஞ்சம் நிறுத்தி, "ஜெர்மன் கண்ணு" என்று சேர்த்துக்கொண்டாள். அதற்கும் வழி தெரிந்திருந்தால் என்ன செய்வது?

மிளகாயை அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பது எங்கள் கணக்கு. மூவரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். நெடி கிளம்பியது. சாத்திய வீட்டுக்குள் மூச்சு முட்டி, மூவரும் இருமிக்கொண்டே கதவைத் திறந்து வெளியே ஓடி வந்தோம்.

சந்தில் பக்கத்து வீட்டுக்காரியும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமியபடி நின்றாள்.

"ஒரு கண்ணும் படல மதினி!" என்றாள் மனைவி, கண்ணில் நீர் வழிய. சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எஹ்ட்?" என்றாள் அவள்.

மகள் என்னைப் பார்த்தாள். பதில் நான்தான் சொல்ல வேண்டும் என்பது போலிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"எஹ்ட்" என்றேன்.