பெரிய எழுத்தில் ஒரு பிரதி

ஒண்டிக்கடை என்ற மலையூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஹேமலதா, கம்ப்யூட்டரையும் டைப்ரைட்டர் போலத்தான் அடித்தாள். ஒவ்வொரு வரி முடிவிலும் எண்டர். தலைப்பை நடுவுக்குக் கொண்டுவர ஸ்பேஸ்பாரை எண்ணி எண்ணித் தட்டுவாள்; பிறகு அதை மட்டும் பெரிதாக்கித் தடிப்பாக்குவாள். பதினொரு வருடமாக யாரும் குறை சொன்னதில்லை.

மஞ்சக்குட்டைப் பெரியசாமி வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். செடிகொடிகளுக்கு மலைக்காரர்கள் வழங்கும் பெயர்களை முப்பது வருடம் நோட்டுகளில் சேர்த்தவர். அதைப் புத்தகமாக்க, ஹேமலதா ஆறு மாதம் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் அடித்துக் கொடுத்தாள். பிழை பார்க்க வாங்கிப் போனவர் மறுவாரமே திரும்பி வந்தார்.

"சக்கரை கண்ணுல எறங்கிருச்சு கண்ணு. எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஓடுது. நொம்பப் பெரிசா ஒருக்கா எடுத்துக் குடு. பார்வை இருக்கறப்பவே பாத்துப்போடறேன்."

"அதுக்கென்னங்க, பத்து நாள்ல தர்றேனுங்க."

மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து எழுத்தைப் பெரிதாக்கினாள். தலைப்பும் விளக்கமும் ஒரே அளவாகிவிட்டன. எண்டர் தட்டிய இடங்களிலெல்லாம் வரி பாதியில் முறிந்து தொங்கியது. முதல் பக்கத்திலிருந்து கையால் சரிசெய்ய ஆரம்பித்தாள். கோடை சீசன், கடையில் ஓயாத கூட்டம். இருபத்தைந்து நாள் கழிந்தும் எண்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

கடைசியில் சேலத்து அச்சகத்தில் வேலை செய்யும் விக்னேஷுக்குப் போன் செய்தாள்.

"ஏனுங்க, ஸ்டைல் போடலீங்களா? தலைப்புக்கு ஒண்ணு, பத்திக்கு ஒண்ணுனு வெச்சிருந்தா, அந்த ஒரு எடத்துல மாத்துனாப் போதும். புத்தகம் பூரா மாறிக்குமுங்க."

திரையின் மேல்வரிசையில் தினமும் பார்த்த ஸ்டைல் பெயர்கள்தான். ஒருநாளும் தொட்டதில்லை. அவன் சொல்லச் சொல்ல வேண்டாத எண்டர்களை நீக்கி, ஒவ்வொரு தலைப்புக்கும் ஸ்டைல் கொடுத்து முடிக்க இரண்டு நாள் ஆனது. அதன்பின் எழுத்து அளவை மாற்ற ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

பிரதியோடு மஞ்சக்குட்டைக்குப் போனாள். பெரியசாமியின் மனைவி முத்தாயி வாசலிலேயே சொன்னாள்: "போன வெசாளக்கெழம கண்ணுக்குள்ள ரத்தம் கட்டிப்போச்சு சாமி. வெளிச்சம் மட்டுந்தான் தெரியுதாம்."

பெரியசாமி கோபித்துக்கொள்ளவில்லை. "நீ படி கண்ணு, நான் கேட்டுச் சொல்றேன்" என்றார். நான்கு ஞாயிற்றுக்கிழமை போய்ப் படித்தாள். அவள் நாக்கில் லகரம், ளகரம், ழகரம் மூன்றும் ஒன்றுதான். எந்த எழுத்து என்று அவரைக் கேட்டால், யோசித்து, "நோட்டுல இருக்கறபடி போடு" என்பார். நோட்டு ஈரத்தில் ஊறிப் பல இடங்களில் கலங்கிக் கிடந்தது. அங்கெல்லாம் தனக்குத் தோன்றிய எழுத்தைப் போட்டாள்.

புத்தகம் முந்நூறு பிரதி வந்தது. ஒன்றை வாங்கிப் படித்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் குழந்தைவேல், ஒன்பது பெயர்கள் தப்பு என்று குறித்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஹேமலதா அவற்றைக் கம்ப்யூட்டரில் திருத்தி வைத்தாள். புத்தகத்தைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பெரியசாமி போனில் கேட்டபோது, "எல்லாருமே நல்லாருக்குதுனு சொல்றாங்கங்க" என்றாள்.

"எல்லாருமேயா?" என்று திருப்பிக் கேட்டார்; "ஆமாங்க" என்றாள்.

"செரி கண்ணு" என்று போனை வைத்தார்.