ஊறுகாய் வரிசையில் ஒரு திமிங்கலம்

ஆவடியில் ஒரு கிளை நூலகத்தில் நாகவல்லிக்குப் பதினோரு வருட வேலை. வாசகர்கள் கலைத்துவிட்டுப் போகும் புத்தகங்களை எண் பார்த்து மறுபடி அடுக்க வேண்டும். குனிந்து குனிந்து கழுத்து வலி நிரந்தரமாகிவிட்டது.

போன ஆண்டு நூலகர் சௌம்யா அவள் கையில் ஒரு டேப்லட்டைக் கொடுத்தார். கேமராவை அலமாரிக்கு நேரே பிடித்தால், திரையில் ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் ஒரு வண்ணக் கட்டம் விழும். சரியான இடத்தில் இருப்பது பச்சை, இடம் மாறியது சிவப்பு.

"கீழ உழுந்து ஒடைஞ்சா இன்னா மேடம் பண்றது?" என்று பயந்து, முதல் வாரம் முழுக்க அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நடந்தாள். பிறகு பழகிவிட்டது. அரை நாள் வேலை அரை மணியில் முடிந்தது.

சமையல் புத்தகங்களுக்கு நடுவே மட்டும் அடிக்கடி ஒரு சிவப்புக் கட்டம். திமிங்கலங்களைப் பற்றிய தடித்த புத்தகம். எடுத்துப்போய் அறிவியல் அலமாரியில் வைப்பாள். அடுத்த வாரம் அது மீண்டும் ஊறுகாய்ப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஒரு மதியம் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் சமையல் வரிசையைக் குடைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பாடி பகுதியில் லோடு ஏற்றும் லாரி டிரைவர் யூசுப்.

"இன்னா பாய், திமிங்கலமா தேடுறீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். "நான்தாம்மா ஒளிச்சு வெச்சேன். வேற யார்னா எடுத்துகினு பூட்டா பாதில நின்னுடுமே."

"கார்டு போட்டு ஊட்டுக்கு எடுத்துகினு போறதுதானே?"

"வாரத்துல அஞ்சு நாள் வண்டிலதான் கீறேன். எங்கனா தொலைச்சிட்டா? நாலு பேர் படிக்கிற புக்காச்சே."

நாகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. "ஒளிக்கவே வாணாம் பாய், யார்னா எடுத்துகினு போனாலும் திரும்பி வந்ததும் இதுல தெரியும்." அவர் போனில் நூலகத்தின் செயலியை இறக்கி, புத்தகத்தின் பெயரைத் தட்டினாள். திரையில் தெரிந்த தரையின் மேல் ஓர் அம்புக்குறி ஓடியது. யூசுப் போனை நீட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போய் அறிவியல் அலமாரி முன் நின்றார்.

"அட, கரெக்டா கூட்டிகினு வந்துடுச்சே!"

படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று மாதத்தில் புத்தகத்தை முடித்தார். முடித்த அன்று அதை அலமாரியில் வைக்காமல் நாகவல்லியிடம் நீட்டினார். "நீ படிம்மா. சும்மா சொல்லல, சூப்பரா கீது."

இத்தனை வருடம் புத்தகங்களின் முதுகை மட்டுமே பார்த்தவள், இப்போது வேலை முடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து தினம் நாலைந்து பக்கம் படிக்கிறாள். நேற்று சௌம்யாவை அவளே கூப்பிட்டாள்.

"மேடம், ஒரு வகை திமிங்கலம் நெட்டுக்குத்தா நின்னுகினே தூங்குமாம். தெரியுமா உங்களுக்கு?"

சௌம்யாவுக்குத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.