தோருன் எழுதிய கடைசி வரி

போன டிசம்பர் பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை, மாலை 3.22க்கு இது நடந்தது. நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்திருந்தேன். காவல் நிலையத்தில் ஆறு முறை சொல்லிவிட்டேன், ஆறு முறையும் ஒரே மாதிரி. நடந்ததை வேறு எப்படிச் சொல்வது?

என் பெயர் எய்வின். மேற்கு நார்வேயில் ஒரு கடலோர ஊரில் படகு இன்ஜின்களைப் பழுது பார்க்கிறேன். தோருன் அங்கே மருந்துக்கடையில் வேலை செய்தாள். கௌதேயின் மனைவி. பதினான்கு மாதங்கள் நாங்கள் ஒளிந்து ஒளிந்து காதலித்தோம்.

எங்களுக்கென்று இருந்த ஒரே இடம் கறுப்பு ஏரிக்கு மேலே இருக்கும் மலைக்குடில். பூட்டு கிடையாது, யாரும் தங்கலாம். எரித்த விறகுக்கு ஈடாக அடுத்தவருக்கு வெட்டி வைக்க வேண்டும். மேஜைமேல் இருக்கும் நோட்டில் பெயர், வந்த நேரம், அடுத்துப் போகும் இடம் எல்லாம் எழுத வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே இதுவும் பழகிவிடும். மலையில் யாராவது காணாமல் போனால், தேடுபவர்கள் முதலில் திறப்பது அந்த நோட்டைத்தான். அதனால் அதில் யாரும் பொய் எழுதுவதில்லை. திருடன்கூட எழுதமாட்டான்.

அக்டோபரில் தோருன் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் அதில் எழுதிவிட்டாள்.

“உனக்கென்ன பைத்தியமா? அடிச்சுடு அதை.”

“மாட்டேன். பனியில மாட்டிக்கிட்டா உன்னை எங்கன்னு தேடுவாங்க, தூங்குமூஞ்சி?”

“புருஷன்கிட்ட தினமும் பொய் சொல்ற. இதுல ஒண்ணு எழுதினா குறைஞ்சா போயிடுவ?”

“அவர்கிட்ட பொய் சொல்லிடலாம். நோட்டுகிட்ட முடியாது.”

ஆரஞ்சுத் தோலை என் முகத்தில் எறிந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். நிறைந்த நோட்டுகளை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது மலையேறுவோர் சங்கத்தில் ஒருவருடைய வேலை. நவம்பரில் அந்த வேலை கௌதேயிடம் போனது. அது எங்கள் இருவருக்கும் தெரியாது.

டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளி, இரவு 9.40. அவள் எண்ணிலிருந்து செய்தி வந்தது.

‘எய்வின், அவரிடம் சொல்லிவிட்டேன். நாளை மூன்று மணிக்குக் குடிலுக்கு வா.’

செய்திகளில் அவள் என்னை ஒருநாளும் எய்வின் என்று கூப்பிட்டதில்லை, எப்போதும் தூங்குமூஞ்சிதான். கவனித்தேன். ஆனால் சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. இனி ஒளிய வேண்டாம் என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் வடக்குக் கணவாய் வழியாகப் பனிச்சறுக்குக் கட்டைகளில் ஏறினேன். 2.10க்குக் குடிலை அடைந்தேன். மேஜையில் புது நோட்டு. முதல் பக்கத்தில் நான்தான் முதல் ஆள். பெயரும் நேரமும் எழுதினேன். போகும் இடத்தை மட்டும் விட்டுவைத்தேன். அதைச் சேர்ந்து முடிவு செய்யலாம் என்று.

அடுப்பு மூட்டினேன். காப்பி போட்டேன். இரண்டு கோப்பை. மூன்று மணிக்கெல்லாம் வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது.

3.22.

வாசலில் துடைப்பச் சத்தம். காலணியில் ஒட்டிய பனியைத் தட்டும் சத்தம். சர்க்... சர்க்... சர்க்... இடது கால் மூன்று முறை, வலது கால் மூன்று முறை. அது தோருனின் வழக்கம்.

ஆனால் அதற்கு முன் பனியில் யாரும் சறுக்கி வந்த சத்தமே கேட்கவில்லை.

கதவு திறந்தது. அவள்தான். தலைமுடி முகத்தோடு ஒட்டியிருந்தது.

“நனைஞ்சிருக்கியே!”

“ஏரி வழியா வந்தேன்.”

“ஏரி உறைஞ்சிருக்குமே?”

“மேல உறைஞ்சிருக்கு.”

அணைக்கப் போனேன். கையை உயர்த்தித் தடுத்தாள். “தொடாத, தூங்குமூஞ்சி.”

அடுப்புப் பக்கம் அவள் வரவில்லை. கோப்பையை நீட்டினேன். வாங்கவில்லை. நான் பேசும்போது என் மூச்சில் காப்பியின் ஆவி அசைந்தது. அவள் பேசும்போது... எதுவும் அசையவில்லை.

அவள் காலடியில் நீர் தேங்கியது. அடுப்புக்கு இரண்டடி தூரத்தில், அந்த நீர் ஓரத்திலிருந்து உறைந்துகொண்டே வந்தது.

நோட்டை இழுத்து எழுதினாள். பென்சில் கீறும் சத்தம்.

“என்ன எழுதற?”

“கிளம்பு. வந்த வழியே போ. விளக்கு போடாத.”

“நீ?”

என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றும் என்னால் எழுத முடியவில்லை.

“நானும் வந்த வழியேதான்.”

காலணி போடக் குனிந்தேன்.

நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது... நான் வந்ததும் போட்ட தாழ்.

நோட்டைப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே அவள் எழுத்து. ‘எய்வின், தோருன். ஏரி தாண்டிக் கிழக்குக் கரைக்கு. 3.40.’

வெளியே துடைப்பம் சாய்ந்திருந்தது. அதன்மேல் பனி... யாரும் தொடாத பனி.

சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு விரைந்தேன். காற்று என் தடத்தை உடனுக்குடன் அழித்தது.

4.05. கணவாய் மேட்டில் திரும்பிப் பார்த்தேன். குடில் ஜன்னலில் ஒரு விளக்கு நகர்ந்தது. நின்றது. வெளியே வந்தது. ஏரியை நோக்கி வேகமாக இறங்கியது.

தோருன் என்று நினைத்தேன்.

“தோருன்!”

ஏரியின் நடுவில் விளக்கு நின்றது.

கீழே போனது.

பனிக்கட்டிக்கு அடியில் பச்சையாக ஒரு வெளிச்சம்...

எண்ணினேன். ஒன்பது நொடி.

4.17க்கு அவசர எண்ணை அழைத்தேன். “தோருன் விழுந்துட்டா, சீக்கிரம் வாங்க” என்று கத்தினேன். கத்திக்கொண்டே கீழே சறுக்கினேன்.

வெளியே எடுத்தது கௌதேயை. நெற்றியில் விளக்கு. முதுகில் வேட்டைத் துப்பாக்கி.

அதே இடத்தில், அவனுக்கு அடியில், தோருன் கிடைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குள் அவள் இறந்துவிட்டாள் என்றார் மருத்துவர். கழுத்தில் விரல் தடங்கள். எனக்குச் செய்தி வந்தது 9.40க்கு. தெற்குக் கரையோரம் கௌதே துளை அறுத்து அவளை உள்ளே தள்ளிய இடம் மறுபடி இறுகிப்போயிருந்தது. அவன் விழுந்த நடு ஏரியில் பனிக்கட்டி முப்பது சென்டிமீட்டர். பனிவண்டியே ஓடும் தடிமன் என்றார்கள் மீட்புக் குழுவினர். எப்படி உடைந்தது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அவன் குடிலுக்குள் வந்து முதலில் நோட்டைத்தான் பார்த்திருக்கிறான். நம்பியிருக்கிறான். அதில் யாரும் பொய் எழுத மாட்டார்களே.

ஏப்ரலில் விசாரணை அதிகாரி இங்குன் என்னைக் கூப்பிட்டார்.

“எழுத்து அவங்களோடதுதான். முன்னாடியே எழுதி வெச்சிருப்பாங்களோ?”

“புது நோட்டுல, என் வரிக்குக் கீழயா?”

அவர் மேஜையில் நோட்டைத் திறந்து வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இதை மட்டும் நான் அறிக்கையில எழுதல. நாலு மாசமா ஹீட்டர்மேல வெச்சிருக்கோம். இந்த ஒரு பக்கம் காயவே மாட்டேங்குது.”

தொட்டுப் பார்த்தேன். ஏரித் தண்ணீரின் குளிர். அந்த ஈரத்தில் எங்கள் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.