விலை ஏறும் வரைக்கும் ஒரு தோள்

என் கணவருக்கு வலது தோள் பழுதாகிச் சில வருடங்களாகின்றன. வெயர்ஹவுஸில் பெட்டி தூக்கித் தூக்கி வந்த வினை. ஒப்பரேஷன் செய்தால் சரிவரும், ஆனால் பிறகு பல மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த மாதங்களுக்கு வாடகைக்கு எங்கே போவது? அதற்குத்தான் எங்கள் ஜீப் இருந்தது. அதை விற்று, அந்தக் காசில் சாப்பிட்டுக் கையைச் சரியாக்குவது என்பதுதான் திட்டம்.

சேறு, பாறை, ஓடை எல்லாம் ஏறி இறங்கவென்றே செய்த ஜீப் அது. எங்களிடம் வந்த நாளிலிருந்து ஒரு புல்லைக்கூட மிதித்ததில்லை. வடக்கே காட்டுப் பக்கம் போனால் இவர் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு எங்களை நடத்திக் கூட்டிப்போவார். கல் தெறித்தால் பெயின்ற் போய்விடுமாம். சீற்றோடு வந்த பிளாஸ்ரிக் உறையைக் கழற்றவே விடவில்லை. கோடையில் எழும்பினால் தோலும் சேர்ந்து உரியும். "விக்கேக்கை புதுசு மாதிரி இருக்கவேணும், நீர் சும்மா இரும்" என்பார். கார் கழுவும் இடத்துப் பிரஷ் கீறிவிடும் என்று, பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பு ஒட்டியதைக் குனிந்து அந்தப் பழுதான கையாலேயே தேய்த்துக் கழுவுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜீப்பை வாங்க முதலில் வந்தவர் நல்ல விலைக்குத்தான் கேட்டார். இன்னும் கூடக் கிடைக்கும் என்று இவர் கொடுக்கவில்லை.

பிறகு எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி ஒரு மின்சார ஜீப் வந்தது. சத்தமே இல்லை. குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போன நான் திரும்பினால், முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அன்றிலிருந்தே எனக்கு இது நல்லதாகப் படவில்லை.

ஒரு பிறந்தநாள் விழாவில் ஆண்கள் இதையே பேசினார்கள். "இனி உந்தப் பெற்றோல் ஜீப்பை ஆர் வாங்கப்போறான்? இப்பவே தள்ளிவிடுங்கோ அண்ணை" என்றார் ஒருவர். "விசர்க்கதை. காட்டுக்குள்ளை எங்கை சார்ஜ் போடுறது? பெற்றோல் ஜீப் கிடைக்காமல் போகேக்கை விலை ஏறும், பாருங்கோ" என்றார் மற்றவர். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது என்பது மட்டும் எனக்கு விளங்கியது. இவர் இரண்டாவது ஆளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வசந்தத்தில் ஜீப்பைப் பார்க்க வந்தவர்களே குறைவு. கடைசியாக மில்லிக்கன் பக்கமிருந்து ஒரு இளம் சோடி வந்தது. "வடிவா வச்சிருக்கிறீங்கள் அங்கிள். ஆனால் எல்லாம் எலெக்ட்ரிக் ஆகுது, நாளைக்கு நாங்கள் விக்கேக்கை என்ன செய்யிறது?" என்றான் அந்தப் பெடியன். அவர்கள் சொன்ன விலை இவருக்கு அவமானமாக இருந்தது. சிரித்து அனுப்பிவிட்டார். பொனெற்றைச் சாத்தும்போது இடது கையைத்தான் தூக்கினார். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது.

மறு கிழமை ஒரு காலையில் ஹொஸ்பிற்றலில் இருந்து ஒப்பரேஷனுக்குத் திகதி வந்தது. எவ்வளவு காலம் காத்திருந்த திகதி! இவர் போனில், இப்போது வசதிப்படாது, வேறு யாருக்காவது கொடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்.

"உங்களுக்கு விசரே? கை போகப்போகுது!" என்று கத்தினேன்.

"முதல்ல ஜீப் போகட்டும். விலை கொஞ்சம் ஏறட்டும், பாப்பம்."

அவர் பின்னேர வேலைக்குப் போனதும் அந்த இளம் சோடிக்குப் போன் எடுத்து, நீங்கள் சொன்ன விலைக்கே தருகிறோம் என்றேன். "சொறி அன்ரி, நேற்றுத்தான் எலெக்ட்ரிக் ஒண்டுக்கு டிப்பொசிற் கட்டினனாங்கள்" என்றாள் அந்தப் பிள்ளை.

ஜீப் துருப்பிடித்துப் போகட்டும், கடன்பட்டாவது பார்ப்போம் என்று ஹொஸ்பிற்றலுக்குப் போன் எடுத்தேன். அந்தத் திகதியைத் திருப்பித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். அங்கிருந்த பெண் தேடிப் பார்த்துவிட்டு, அதை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி வரிசையின் கடைசியில்தான் பெயரைப் போடலாம் என்றாள்.